மசகெண்ணெயும் தற்காலிகத் தாங்கிகளும்

பாத்திரமறிந்து பிச்சையிட வேண்டும் என்பது தமிழ்ப் பழமொழி. மசகெண்ணெயைச் சேமித்து வைப்போர் இப்பழமொழியைச் சற்றே திருப்பிச் சொல்லிக்கொள்ளுதல் நன்று. இடப்படும் பொருளை நன்கு அறிந்த பின்னரே அதற்குரிய பாத்திரத்தைத் தேர்தல் வேண்டும். நிலத்தின் ஆழத்திலிருந்து வெளிவரும் எண்ணெய், சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்து பெற்றோலாகவும் மண்ணெண்ணெயாகவும் பிரியும் வரையில் பல இடங்களிற் காத்திருக்கின்றது. இவ்விடங்கள் பெரும்பாலானவற்றில் நிலையான பெருந்தாங்கிகள் உண்டு. ஆயினும், நிலையான தாங்கி இல்லாத இடத்திலும், இருந்தும் போதாத காலத்திலும், சில நாட்களுக்கோ சில மாதங்களுக்கோ எண்ணெயை ஏந்தி நிற்கத் தற்காலிகத் தாங்கிகள் தேவைப்படுகின்றன. அவற்றை எவ்வாறு தேர்வது என்பது பொறியியலாளரின் கேள்வி மாத்திரமன்று. அத்தாங்கியின் அருகே வேலை செய்வோரின் உயிரும், அதைச் சூழ்ந்துள்ள நிலமும் நீரும் அக்கேள்வியின் விடையிலேயே தங்கியிருக்கின்றன.

தற்காலிகத் தாங்கி வேண்டப்படும் சந்தர்ப்பங்கள் பிரதானமாக நான்கு. புதிய கிணறொன்று தோண்டப்பட்டு, அது எவ்வளவு எண்ணெய் தரும் என்று சோதிக்கப்படும் காலம் ஒன்று. அப்போது குழாய்ப்பாதை இடப்பட்டிராது. நிலையான தாங்கியைத் துப்புரவாக்கவும் பழுதுபார்க்கவும் வேண்டியிருக்கும் காலம் மற்றொன்று. கடலிலோ தரையிலோ சிந்திய எண்ணெயை அள்ளிச் சேர்க்கும் அவசர வேளை மூன்றாவது. உற்பத்தி மிகுந்து, வாங்குவோர் குறைந்து, இருக்கும் தாங்கிகள் யாவும் நிரம்பிவிடும் காலம் நான்காவது. இந்நான்காவது நிலை எவ்வளவு கடுமையானதாக இருக்கக்கூடும் என்பதை உலகம் 2020ஆம் ஆண்டிற் கண்டது. கொள்ளைநோயினாற் போக்குவரத்து ஒடுங்கியிருந்த அவ்வாண்டு ஏப்பிரல் 20ஆம் நாள், அமெரிக்கச் சந்தையில் மே மாத ஒப்படைப்புக்குரிய எண்ணெயின் விலை பூச்சியத்திற்குக் கீழே 37.63 டொலருக்கு இறங்கியது. ஒக்லஹோமா மாநிலத்துக் குஷிங் நகரில் எண்ணெயை ஏற்று வைக்க இடம் கிடைப்பது அரிதாயிற்று. எனவே விற்பவர் பணமும் கொடுத்து எண்ணெயையும் கொடுக்கும் விந்தை நிகழ்ந்தது. பாத்திரம் இல்லாதபோது பண்டத்திற்கு விலையில்லை என்பது அன்று தெளிவாயிற்று.

எண்ணெய்த் தொழிலின் பிறப்போடு உடன்பிறந்தது இப்பாத்திரக் கவலை. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு எட்வின் டிரேக் தோண்டுவித்த கிணற்றில் எண்ணெய் கண்டபோது, அதை ஏந்துவதற்குக் கையில் அகப்பட்ட தொட்டிகளும் மதுப் பீப்பாய்களுமே உதவின. இன்றும் உலகம் முழுவதும் எண்ணெயை அளக்கப் பயன்படும் பீப்பாய்க் கணக்கு அக்காலத்து மரப் பீப்பாயின் நினைவேயாகும். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லீற்றர். 1865ஆம் ஆண்டில் டென்ஸ்மோர் சகோதரர் புகையிரதத் தட்டொன்றின்மேல் இரண்டு மரத்தாங்கிகளைப் பொருத்தி எண்ணெயை அனுப்பினர். இடம்பெயரும் தாங்கியின் முன்னோடி அதுவே எனலாம். தாங்கியே இல்லாத நிலைக்கு எடுத்துக்காட்டு, கலிபோர்ணியாவிலே 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெடித்தெழுந்த லேக்வியூ கிணறு. பதினெட்டு மாதகாலம் கட்டுக்கடங்காது பாய்ந்த அக்கிணறு ஏறக்குறைய 90 இலட்சம் பீப்பாய் எண்ணெயைக் கக்கியது. மண்மூட்டைகளாலும் மண்ணணைகளாலும் குளம் கட்டி அதைத் தேக்க முயன்றனர். அவ்வாறு காப்பாற்றப்பட்டது பாதிக்கும் குறைவே. எஞ்சியது மண்ணில் ஊறியும் காற்றில் ஆவியாகியும் அழிந்தது.

மண்குளத்தின் காலம் கழிந்துவிட்டது. ஆயினும் அக்குளத்தை வெட்டிய மனநிலை முற்றாக மறைந்துவிடவில்லை. 'சில நாட்களுக்குத்தானே' என்னும் எண்ணமே அது. தற்காலிகம் என்னும் சொல் காலத்தை மாத்திரமே குறிக்கும், கவனத்தைக் குறிக்காது. நிலையான தாங்கியின் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் தற்காலிகத் தாங்கியின் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் குணத்தில் வேற்றுமை சிறிதும் இல்லை. இரண்டும் ஒரே விதமாக எரியும். ஒரே விதமாக நஞ்சு கக்கும். ஒரே விதமாக ஒழுகும். ஆதலால், முதலிலே எண்ணெயின் குணங்களை ஆராய்தல் வேண்டும்.

மசகெண்ணெய் என்பது ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. நிலத்தடியிலே பெரும் அமுக்கத்தின் கீழ் இருக்கும்போது அதில் வாயுக்கள் கரைந்திருக்கும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவுடன் வாயு நுரைத்தெழுவது போல, எண்ணெய் மேலே வந்து அமுக்கம் குறைந்ததும் இவ்வாயுக்கள் வெளியேறும். அவற்றை முன்னரே பிரிகலனொன்றில் நீக்காமல், அமுக்கத்தைத் தாங்க அமைக்கப்படாத சாதாரணத் தாங்கியில் எண்ணெயைப் பாய்ச்சுவது பேராபத்து. இவ்வாவிகளிற் பெரும்பாலானவை காற்றிலும் பாரமானவை. அவை புகைபோல் மேலெழுந்து கலைந்து போவதில்லை. நிலத்தோடு தவழ்ந்து பள்ளங்களிலே தேங்கி, தொலைவில் இருக்கும் ஒரு நெருப்புப் பொறியைச் சென்றடைய வல்லவை.

சில எண்ணெய்களிற் கந்தகம் மிகுதி. அவற்றிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு, சிறு அளவில் இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தும் நீங்கிற்று என்று எண்ணுபவன் அடுத்த சில மூச்சுக்களிலே வீழ்ந்துவிடக்கூடும். இவ்வாயு உருக்கையும் அரிக்கும். எண்ணெயோடு கூட வரும் உப்புநீர் தாங்கியின் அடியிலே தங்கி, அங்கிருந்து அரித்துத் துளையிடும். மெழுகு மிக்க எண்ணெய்களோ வேறொரு தொல்லை தருவன. இந்தோனேசியாவின் மினாஸ் எண்ணெய் போன்றவை வெப்பம் சற்றுக் குறைந்தாலே உறையும் இயல்பின. அவற்றை வெப்பமூட்டும் குழாய் இல்லாத தாங்கியில் ஊற்றினால், ஊற்றியது எளிதாகவும் எடுப்பது அரிதாகவும் முடியும். எனவே, எண்ணெயின் ஆவியமுக்கம், கந்தகம், நீர், மெழுகு ஆகிய நான்கையும் ஆய்வுகூடத்தின் அறிக்கை கொண்டு அறிந்த பின்னரே தாங்கியின் வகையைப் பற்றிப் பேசுதல் பொருந்தும்.

தற்காலிகத் தாங்கிகளில் மூத்தது, வளைந்த உருக்குத் தகடுகளை ஆணியும் சுரையும் கொண்டு முடுக்கிப் பொருத்திய தாங்கி. தகடுகளாகவே லொறியில் ஏற்றிச் சென்று, நெருப்பைப் பயன்படுத்தி ஒட்டும் வேலை எதுவுமின்றி எழுப்பலாம். பின்னர் கழற்றி வேறிடம் கொண்டு செல்லலாம். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் நியமங்கள் இவ்வகைக்கு 100 முதல் 10,000 பீப்பாய் வரையான கொள்ளளவுகளை வகுத்துள்ளன. எனவே மாதக்கணக்கான தேவைக்கும் பேரளவுக்கும் இது ஏற்றது. இதன் பலவீனம் பொருத்துவாய்களில் உள்ளது. தகடுகளுக்கு இடையே வைக்கப்படும் பட்டிகள் எண்ணெயைத் தாங்கவல்ல செயற்கை இறப்பராக இருத்தல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களிலே பால்வெட்டிப் பெறப்படும் இயற்கை இறப்பர் வாகனச் சில்லுக்கு மிக உகந்ததாயினும், எண்ணெயில் ஊறினாற் பருத்து வலுவிழந்துவிடும். ஒருமுறை கழற்றிய பட்டியை மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமன்று. ஒழுக்கை விலைக்கு வாங்குவதே ஆகும்.

இரண்டாவது வகை, தொழிற்சாலையிலேயே உருக்கி இணைத்து முழுமையாக்கப்பட்டு லொறியில் வரும் உருளைத் தாங்கி. பொருத்துவாய்கள் இல்லாமையால் ஒழுக்கு அரிது. ஆனால் வீதியும் பாலமும் இடங்கொடுக்கும் அளவே அதன் பருமனுக்கு எல்லை. மூன்றாவது வகை, சில்லுகள் பூட்டிய நீள்சதுரத் தாங்கி. அமெரிக்க எண்ணெய் வயல்களில் இது சாதாரணமாக 500 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 79,500 லீற்றர் கொள்ளும். காலையில் இழுத்து வந்து மாலையில் எண்ணெயேற்றத் தக்க வேகம் இதன் சிறப்பு. ஆனால் வெறுமையாக இருக்கும்போது மாத்திரமே இதனை இழுக்கலாம். நிரம்பிய நிலையில் எண்ணெய் மட்டுமே 65 தொன்னுக்கு மேற்பட்ட பாரமாகும். தட்டையான சுவர்களை உடையதாகையால் உள்ளமுக்கத்தைத் தாங்காது. வாயு நீக்கப்படாத எண்ணெய்க்கு இது எவ்வகையிலும் உரியதன்று.

எண்ணெயை ஏற்றியபடியே இடம்பெயர்க்க வேண்டுமாயின் இருபதடிச் சட்டகத்துள் அமைந்த கொள்கலத் தாங்கி உதவும். ஏறத்தாழ 24,000 லீற்றர் கொள்ளும் இதனைக் கப்பலிலும் புகையிரதத்திலும் லொறியிலும் மாற்றி மாற்றி ஏற்றலாம். அமுக்கச் சோதனைக்கு உட்பட்டதாதலால் ஆவி மிக்க எண்ணெய்க்கும் பெரிதும் தகும். இதற்கும் ஒரு விதி உண்டு. அலைதடுக்கும் தட்டுகள் இல்லாத தாங்கியை, கொள்ளளவில் நூற்றுக்கு 20 வீதத்திற்கு மேலும் 80 வீதத்திற்குக் குறைவாகவும் நிரம்பிய நிலையிற் கொண்டு செல்லலாகாது. அரைகுறையாக நிரம்பிய திரவம் வளைவுகளிலே புரண்டு வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். குறைகுடம் தளும்பும் என்பது இங்கே கண்கூடு.

தலையணை போன்று தரையிலே விரித்து நிரப்பப்படும் துணித் தாங்கிகள் பிறிதொரு வகை. செயற்கை இறப்பரோ பிளாத்திக்கோ பூசிய உறுதியான துணியால் ஆனவை இவை. சுருட்டிக் கட்டினால் ஒரு சிறு லொறிக்குள் அடங்கும். விரித்து நிரப்பினால் பெரிய குளம்போல் விரியும். இராணுவங்கள் எரிபொருளுக்காகப் பயன்படுத்தும் இவ்வகைத் தாங்கிகளில் மிகப் பெரியன 5,000 பீப்பாய் வரை கொள்ளும். மேலே காற்றுக்கு இடமில்லாமையால் ஆவியாகும் இழப்பும் குறைவு. ஆயினும் சுத்திகரித்த எரிபொருளுக்கென ஆக்கப்பட்ட பூச்சு, மசகெண்ணெயில் உள்ள எல்லாக் கூறுகளையும் தாங்கும் என்று கொள்ளலாகாது. செய்தவரிடமிருந்து அவ்வெண்ணெய்க்கென எழுத்துமூலம் உறுதி பெறுதல் வேண்டும். கூரிய கல்லொன்று போதும் அதைக் கிழிக்க. சற்றே சரிந்த நிலம் போதும் அதை உருளச் செய்ய. வாயு வெளியிடும் எண்ணெயை இதனுள் இடவே கூடாது.

கடலிற் சிந்திய எண்ணெயைச் சேர்ப்பதற்கு இத்துணியின் உறவான மிதவைப் பைகள் துணைசெய்கின்றன. சுயெஸ் நெருக்கடி நிகழ்ந்த 1956ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் வில்லியம் ஹோதோன் எண்ணெயை நிரப்பிக் கடலில் இழுத்துச் செல்லத்தக்க நீண்ட பையொன்றைக் கருதி அமைத்தார். டிரக்கோன் எனப் பெயர்பெற்ற அப்பை, பிற்காலத்தில் அள்ளிய எண்ணெயைத் தற்காலிகமாக வைத்திருக்கவும் பயன்பட்டது. அள்ளிய எண்ணெய்க்கு இடம் தேடுவோர் ஒன்றை மறத்தலாகாது. அலையில் அலைப்புண்ட எண்ணெய் நீரோடு கலந்து, மூன்று நான்கு மடங்கு பருத்துப் பசைபோலாகிவிடும். சிந்தியது நூறு தொன்னாயின் நூறு தொன்னுக்குரிய தாங்கி போதாது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கடலில் 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் இரு கப்பல்கள் மோதியபோது வெளிவந்தது மசகெண்ணெயன்று, கப்பலின் எரிநெய். கரையொதுங்கிய அக்கருஞ்சேற்றைத் தொண்டர்கள் வாளிவாளியாக அள்ளிய காட்சியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அவ்வாறு அள்ளுகின்ற கைகளுக்குப் பின்னால் ஊற்றுதற்குரிய பாத்திரம் ஆயத்தமாக நில்லாவிட்டால் அள்ளும் வேலையே நின்றுவிடும்.

வகை தெரிந்தபின் எண்ணிக்கை. நாளொன்றுக்கு 300 பீப்பாய் தரும் கிணறொன்று இருப்பதாகவும், மழைக்காலத்தில் வீதி நான்கு நாள் தடைப்படக்கூடும் எனவும் கொள்வோம். எடுத்துச் செல்ல முடியாமற் சேர்வது 1,200 பீப்பாய். 500 பீப்பாய்த் தாங்கிகள் மூன்று போதும் என்று கணக்குத் தெரியாதவரும் சொல்வர். ஆனால் தாங்கியை விளிம்புவரை நிரப்பலாகாது. வெப்பத்தால் எண்ணெய் விரிவதற்கு மேலே இடம் வேண்டும். அடியிலே நீரும் மண்டியும் தங்கும் பகுதியையும் கழித்தல் வேண்டும். இவ்வாறு கழித்தால் ஒவ்வொன்றிலும் பயன்படுவது 425 பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம், மூன்றிலும் 1,275. இது போதும்போற் தோன்றினும், ஒரு தாங்கி நிரம்பிக்கொண்டிருக்க, மற்றொன்றில் எண்ணெய் அசையாது நின்று நீரைப் பிரிக்க, வேறொன்றிலிருந்து லொறிக்கு ஏற்றப்பட வேண்டும். ஆகவே நான்காவது தாங்கி ஆடம்பரமன்று. இடமில்லாமல் எண்ணெயை எங்கே விடுவது என்று நள்ளிரவிற் கைபிசையும் நிலையைத் தவிர்ப்பது அதுவே.

தாங்கி நிற்கும் நிலமும் தாங்கியின் ஓர் உறுப்பெனக் கருதப்படல் வேண்டும். மண் இறுகச் சமன்செய்யப்படாவிடின் ஒருபுறம் தாழ்ந்து பொருத்துவாய்கள் விரியும். தாங்கிகளைச் சூழ, எண்ணெய் ஊடுருவாத விரிப்பிட்ட அணைவரம்பு வேண்டும். பிரித்தானியா முதலிய நாடுகளில், அவ்வரம்பு மிகப் பெரிய தாங்கியின் கொள்ளளவில் நூற்றுக்கு 110 வீதத்தையாவது ஏந்தவேண்டும் என்பது வழக்கமான அளவு. இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. பல தாங்கிகள் ஒரே குழாயால் இணைக்கப்பட்டு, வால்வுகள் திறந்திருந்தால், ஒன்றில் ஏற்படும் ஓட்டை எல்லாவற்றையும் காலியாக்கும். அப்போது அவையாவும் சேர்ந்து ஒரே தாங்கியென்றே கணக்கிடல் வேண்டும். பருவமழை பெய்யும் நாடுகளில் அணைவரம்புக்குள் மழைநீர் நிறைந்து, எண்ணெய்க்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்நீரைப் பார்த்துத் திறந்து பார்த்து மூட ஒருவரை நியமித்தல் அவசியம்.

வெள்ளத்திற்கு அஞ்சுவோர் தாங்கி நிறைந்திருக்கையில் அஞ்சுவது வழக்கம். உண்மையில் அஞ்சவேண்டியது அது வெறுமையாக இருக்கும்போதே. 2005ஆம் ஆண்டு ஓகஸ்டில் கத்ரினாச் சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது, அங்குள்ள சுத்திகரிப்பு நிலையமொன்றில், 250,000 பீப்பாய் கொள்ளும் பெருந்தாங்கியில் 65,000 பீப்பாயளவு மசகெண்ணெயே இருந்தது. எண்ணெய் நீரிலும் இலேசானது. சூழ்ந்த வெள்ளம் தாங்கியைத் தளத்திலிருந்து தூக்கி நகர்த்தியது. ஏறக்குறைய 25,000 பீப்பாய் எண்ணெய் வெளியேறி, அயலிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கெடுத்தது. நிலையான பெருந்தாங்கிக்கே இக்கதியெனில், இலேசான தற்காலிகத் தாங்கியை மேட்டு நிலத்தில் நிறுத்துவதும் நிலத்தோடு பிணிப்பதும் எவ்வளவு இன்றியமையாதன என்பது சொல்லாமலே விளங்கும்.

தாங்கியும் மூச்சுவிடும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் ஆவி விரிந்து வெளியேறும். இரவுக் குளிரிற் சுருங்கிக் காற்றை உள்ளிழுக்கும். அதன் மூச்சுத்துளை அடைபட்டிருக்கையில் எண்ணெயை இறைத்தால், வெளிக்காற்றின் அமுக்கமே உருக்குச் சுவரைத் தகரப்பேணிபோல் நசுக்கிவிடும். ஆதலால் மூச்சுத்துளை திறந்திருக்க வேண்டும். ஆயின் வெளிநெருப்பு உட்புகாதபடி சுடர்தடுக்கும் வலையும் அதிற் பொருந்தியிருக்க வேண்டும். எண்ணெயை மேலிருந்து கொட்டினால் நிலைமின் உண்டாகும். எனவே நிரப்பும் குழாய் அடிவரை செல்ல வேண்டும். அதன் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும். தாங்கியும் லொறியும் ஒன்றோடொன்றும் நிலத்தோடும் கம்பியால் இணைக்கப்பட வேண்டும்.

அடியில் தங்கும் நீரை ஒழுங்காக வடித்தலும் தீக்காப்பின் ஒரு பகுதியே. பெரும் எண்ணெய்த்தாங்கி மணிக்கணக்காக எரியும்போது, சூடு படிப்படியாகக் கீழிறங்கி அடிநீரைத் தொட்டால், நீர் திடீரென நீராவியாகி, எரியும் எண்ணெயை வானளாவ வீசியெறியும். வெனிசுவேலாவின் தக்கோவா மின்நிலையத்தில் 1982ஆம் ஆண்டு திசெம்பர் 19ஆம் நாள் எரிநெய்த் தாங்கியொன்றில் இவ்வாறு நிகழ்ந்தபோது, தீயணைப்போர் உட்பட 150க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய பேரழிவுகள் செய்தித்தாள்களில் இடம்பெறும். ஒருவர் ஒருவராக நேரும் மரணங்களோ பலகாலம் எவர் கண்ணிலும் படுவதில்லை. தாங்கியின்மேல் ஏறி, மேல்வாய் மூடியைத் திறந்து, நாடாவை இறக்கி எண்ணெயின் மட்டத்தை அளப்பது பழைய வழக்கம். மூடி திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த ஆவி முகத்தில் மோதும். அவ்விடத்தில் ஒட்சிசன் குறைந்து போகும். அமெரிக்க எண்ணெய் வயல்களில் 2010 முதல் 2014 வரையான காலத்தில், இவ்வாறு அளக்கவோ மாதிரி எடுக்கவோ சென்ற ஒன்பது தொழிலாளர் இறந்தமையை அந்நாட்டுத் தொழிற்சுகாதார ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இறந்தவர் பலர் தனியே வேலை செய்தவர்கள். தரையில் நின்றபடியே மட்டத்தைக் காட்டும் அளவியும், மூடி திறவாமல் மாதிரி எடுக்கும் குழாயும் இன்று கிடைக்கின்றன. தற்காலிகத் தாங்கியை வாடகைக்குப் பெறுவோர் வாடகையை விசாரிக்கும் முன் இவ்விரண்டும் உண்டா என விசாரித்தல் வேண்டும். முன்பு அதில் என்ன இருந்தது, எப்போது கழுவப்பட்டது, தகட்டின் தடிப்பு எப்போது அளக்கப்பட்டது என்பனவும் எழுத்தில் பெறவேண்டியவை.

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகின்றது: தாங்கியை எப்போது அகற்றுவது? கேட்பதற்கு எளிதாயினும் மறக்கப்படுவது இதுவே. 1976ஆம் ஆண்டில் எண்ணெய்க்கப்பலாகக் கட்டப்பட்ட 'சாஃபிர்', பின்னர் யேமன் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு மிதக்கும் தாங்கியாக்கப்பட்டது. உள்நாட்டுப் போரினால் 2015ஆம் ஆண்டளவில் அதன் பராமரிப்பு நின்றது. 11 இலட்சத்துக்கு மேற்பட்ட பீப்பாய் மசகெண்ணெயைச் சுமந்தபடி, துருப்பிடித்த அக்கலம் ஆண்டுக்கணக்காகச் செங்கடலை அச்சுறுத்தி நின்றது. 1989ஆம் ஆண்டில் அலாஸ்காக் கரையில் சிந்திய எண்ணெயின் ஏறக்குறைய நான்கு மடங்கு அது. 2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்டு மாதங்களில் ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியால் அவ்வெண்ணெய் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டது. எண்ணெயை ஏற்ற அறிந்தவர், அதை இறக்கும் நாளையும் இறக்குதற்குரிய வழியையும் முன்னரே குறித்து வைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை.

ஆகவே, தற்காலிகத் தாங்கியைத் தேர்வோர் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எண்ணெய் எத்தகையது? எவ்வளவு, எத்தனை நாள்? நிலமும் மழையும் எவ்வாறானவை? அளப்பவனும் ஏற்றுபவனும் பாதுகாப்பாக இறங்கி வீடு செல்வானா? முடிவில் எவர், எங்கே, எப்போது காலியாக்குவார்? இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னரே விலையைப் பற்றிய கேள்வி வருதல் முறை. விலையை முதலிற் கேட்பவர், மற்றக் கேள்விகளின் விடையை விபத்தின் வாயிலாகவே அறிய நேரிடும்.